மாஸ்டர்பீஸ் என்று நீங்களே எழுதாதீர்கள்

இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. வேலைக்கான விண்ணப்பக் கடிதம், ஆங்கிலத்தில். திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது வரியிலேயே 'இத்துடன் என் மாஸ்டர்பீஸை இணைத்துள்ளேன்' என்று இருந்தது. இணைப்பைத் திறந்தால் ஒரு விற்பனை அறிக்கை. நல்ல அறிக்கைதான், கணக்கெல்லாம் சுத்தம். ஆனால் அப்படி ஒரு சொல்லைப் பார்த்த பிறகு யார் அதை நிம்மதியாகப் படிப்பார்கள்? குறை எங்கே என்று தேடித்தான் படிப்பார்கள்.

நன்றாக வந்த வேலை எல்லாம் மாஸ்டர்பீஸ் இல்லை. டச்சு, ஜெர்மன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல் முதலில் ஒரு பரீட்சையின் பெயர். ஐரோப்பியக் கைவினைச் சங்கங்களில் ஒருவர் மாஸ்டராகித் தனிப் பட்டறை வைக்க வேண்டுமென்றால், ஒரு பொருளைச் செய்து சங்கத்தின் முன் வைக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டு நியூரம்பெர்க் பொற்கொல்லர்களுக்கு அது ஒரு பூ வடிவக் கிண்ணம், கல் பதித்த மோதிரம், முத்திரை அச்சு. மூத்தவர்கள் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தால்தான் உண்டு. செய்தவர் தன் வாயால் சொல்லி எதுவும் ஆகாது.

பரீட்சை போய், 'உச்சமான படைப்பு' என்ற பொருள் நிலைத்துவிட்டது, சரி. தீர்ப்பு சொல்கிறவர் மட்டும் மாறவே இல்லை. இன்றைக்கும் அது அடுத்தவர்தான். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அளவுகோல்களில் முதலாவதே 'மனிதப் படைப்பாற்றலின் மாஸ்டர்பீஸ்' என்பது. 1983இல் தாஜ்மஹால் பட்டியலில் சேர்ந்தது அந்த அளவுகோலில்தான். உங்கள் விற்பனை அறிக்கையைக் கொண்டுபோய் அந்த வரிசையிலா நிறுத்தப் போகிறீர்கள்?

இதன் அண்ணன் மேக்னம் ஓபஸ். அது ஒருவருடைய மொத்த உழைப்பிலும் தலையாய படைப்பு. மாஸ்டர்பீஸ் ஒருவருக்குப் பல இருக்கலாம், இது ஒன்றுதான். முதல் புத்தகத்தின் பின்னட்டையிலேயே இதைப் போட்டால், இனி இவர் எழுத எதுவுமில்லை என்றாகிவிடும். மாஸ்டர்மைண்ட் என்று பாராட்டுவதையும் தயவுசெய்து விடுங்கள். பாதி நேரம் கொள்ளைக் கும்பலின் தலைவனைப் பற்றிய செய்தி மாதிரி இருக்கிறது. அப்புறம், 'அவுட்ஸ்டாண்டிங் ஒர்க்' என்றால் முடிக்காமல் கிடக்கும் வேலை என்றும் பொருள். மதிப்பீட்டுப் படிவத்தில் அதை மொட்டையாக எழுதினால் பாராட்டா, புகாரா என்று படிப்பவர் குழம்புவார்.

என்ன செய்தீர்கள், எத்தனை நாளில், அதனால் என்ன மாறியது என்று எழுதுங்கள். பெருமையாக ஒரு வார்த்தை வேண்டுமென்றால் 'இதுவரை நான் செய்ததில் சிறந்தது' என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பரிந்துரைக் கடிதம் தருபவர் மாஸ்டர்பீஸ் என்று எழுதினால் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தையும் நீங்களே எழுதி அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். உங்கள் விண்ணப்பத்தில் இருக்கும் அதே எழுத்துப் பிழை அதிலும் இருக்கும்.