ஆஸ்பத்திரியை மாற்றினால் கிருமியும் கூடவே வரும்

போன மாதம் ஓர் இரவு மயூர் விஹாரிலிருந்து ஒரு மாமியை எங்கள் ஐசியூவுக்கு அழைத்து வந்தார்கள். அதற்கு முன் பன்னிரண்டு நாள் வேறோர் ஆஸ்பத்திரியில், அதில் ஒன்பது நாள் வென்டிலேட்டரில். டிஸ்சார்ஜ் சம்மரி நான்கு பக்கம். சர்க்கரை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் இருந்தது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் மட்டும் இல்லை. மூன்று நாள் கழித்து எங்கள் லேப் சொன்னது: கார்பபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. அதற்குள் பக்கத்து பெட்காரருக்கும் அதே கிருமி.

பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு மலையாளி நர்ஸ். (டெல்லியில் வேறு யார் எடுப்பார்கள்?) "அது எங்களுக்கு முதல் வாரமே தெரியும் சேச்சி. நீங்க கேக்கலையே!"

மாமியின் மகன் கேட்டதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "அங்க சுத்தமில்லைன்னுதானே சிஸ்டர் இங்க கொண்டுவந்தோம்?"

ஐயா, கிருமி அந்தக் கட்டடத்தில் மட்டும் இல்லை. உங்கள் அம்மாவின் குடலில் இருக்கிறது. காய்ச்சல் இருக்காது, சீழ் இருக்காது, மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். ரத்தத்திலோ நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ இறங்கினால்தான் நோய். எவ்வளவு பளபளப்பான ஆஸ்பத்திரிக்கு மாற்றினாலும் அது கூடவே வரும். டெல்லியில் வாடகை வீடு மாறியவர்களுக்குத் தெரியும், பழைய அட்டைப்பெட்டியோடு கரப்பானும் வந்துவிடும். மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மாற்றும்போது சொல்லிவிட்டு மாற்றுங்கள். தனி ரூமில் போட்டால் அது தண்டனையும் இல்லை, பக்கத்து பெட்காரருக்கும் ஓர் அம்மா இருப்பார்.

எங்கள் ஆட்களையும் விடுவதாயில்லை. பேர் கெட்டுவிடும் என்று ரிப்போர்ட்டை மறைக்கிறார்கள். கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சையை ஜப்பானில் கண்டுபிடித்து 2009-இல்தான் பெயர் வைத்தார்கள். 2009 முதல் 2011 வரை இதே டெல்லியில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் 12 நோயாளிகளிடம் அதன் ஒரே வகை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மதில் உண்டு, கிருமிக்கு ஏது? எய்ம்ஸ் முன்னின்று நடத்தும் கூட்டமைப்பில் 2017-18-இல் 26 ஆஸ்பத்திரிகளின் 89 ஐசியூக்கள் ஒரே அளவுகோலால் தொற்றுகளை எண்ணின. எண்ணும் முறை ஒன்றாக இல்லாவிட்டால், நேர்மையாக எண்ணுகிற ஆஸ்பத்திரிதான் மோசமாகத் தெரியும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் ஆம்புலன்ஸில் ஏறாதீர்கள், முடிவு வரவேண்டியது இருந்தால் அதையும் எழுதி வாங்குங்கள். சமீபத்தில் எந்த ஐசியூவில் இருந்தார் என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லுங்கள். யூரின் டியூப், கழுத்தில் மருந்து ஏற்றும் லைன் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள், எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை. நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் மருந்து), 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும், மோதிரத்தைக் கழற்றிவிட்டு. அப்புறம், தயவுசெய்து கட்டிலில் உட்காராதீர்கள்.

அந்த மலையாளி நர்ஸும் நானும் இப்போது பேசிவைத்துக்கொண்டோம். நேற்று மாலை போன் செய்தார்: "சேச்சி, ஒருத்தர் வராரு, தனி ரூம் வேணும்." ஆம்புலன்ஸ் வரும்போது ரூம் தயாராக இருந்தது.