இனே வீடுகளுக்குள் கடல் ஏன் ஏறுவதில்லை?

ஜப்பான் போய்வந்த வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். கடற்கரை வீடுகள் என்று சொல்ல முடியாது. வரிசையாகக் கடலிலேயே கால் வைத்து நிற்கின்றன. நாம் கார் நிறுத்துவதுபோல் கீழ்த்தளத்தில் படகு. "ஓதம் ஏறினால் வீட்டுக்குள் தண்ணீர் வராதா சார்?" என்று கேட்டிருந்தார். ஓதம் என்றால் கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்.

அந்த ஊர் கியோட்டோ மாகாணத்தின் வடகரையில் உள்ள இனே. வளைகுடாவைச் சுற்றி இப்படிச் சுமார் 230 ஃபுனாயாக்கள், அதாவது படகு வீடுகள். 2005-இல் அரசு இவற்றைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் குடியிருப்பாக அறிவித்தது. வளைகுடா தெற்குப் பார்த்தது. வாயிலில் ஆவோஷிமா தீவு குறுக்கே கிடந்து அலையை வாங்கிக்கொள்கிறது. சரி, அலை நின்றது. ஓதம்?

நிலா இழுக்கிறது, நாளுக்கு ஏறத்தாழ இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. இது பள்ளிப் பாடம். ஆனால் ஓதத்தை எழுப்புவது வெறும் இழுவை அல்ல, கடலின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் அந்த இழுவையில் உள்ள வேறுபாடு. பசிபிக் அகலத்துக்கு அது பெரிது. இனே இருப்பது ஜப்பான் கடலில். சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டரே உள்ள அதில் தானாக எழும் ஓதம் அற்பம். பசிபிக்கிலிருந்து வரலாமே என்றால், வழி சில குறுகலான, ஆழமில்லாத நீரிணைகள்தான்.

பெரிய ஏரி, சின்ன மடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மடை வழியே தண்ணீர் உள்ளே பாய்கிறது. ஏரியின் மட்டம் கொஞ்சம் உயர்வதற்குள் ஆறு மணி நேரம் முடிந்துவிடுகிறது. வெளியே கடல் வற்ற, வந்த தண்ணீர் வந்த வழியே திரும்புகிறது. இனேயில் ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவுதான்.

தெற்கே செத்தோ உள்நாட்டுக் கடலில் கதை தலைகீழ். ஏரி சின்னது, மடைகள் பெரிது. கிழக்கே கீ, மேற்கே பூங்கோ கால்வாய்கள் வழியே பசிபிக் நீர் இருபுறமும் நுழைந்து தோமோனோஊரா என்ற துறைமுக ஊர் அருகே சந்திக்கிறது. பாய்மரக் கப்பல்கள் ஏறும் நீரோடு அங்கே வந்து, காத்திருந்து, வற்றும் நீரோடு மறுபக்கம் போயின. மட்டம் 4 மீட்டர் வரை மாறுவதால் துறையே கல் படிக்கட்டு. காங்கி என்பார்கள். தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில் மூட்டை இறக்கலாம்.

'உடம்பிலும் தண்ணீர்தானே, பௌர்ணமிக்கு மூளையும் பொங்கும்' என்பவர்களுக்கு இனே படத்தைத்தான் இனி அனுப்பப்போகிறேன். ஒரு முழுக் கடலில் இவ்வளவுதான் முடிகிறது. ஆறடி உடம்பில் நிலா எதைத் தூக்கும்?

ஃபுனாயாவின் தரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். மரப்படகு நீரிலேயே கிடந்தால் மரம் துளைக்கும் கடற்புழு அரித்துவிடும். அதனால் இழுத்து ஏற்றிக் காயவைப்பார்கள். ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் குட்டிச் சரிவே போதும். இன்றைய படகுகள் பெரியவை, உள்ளே நுழையாது. வீட்டு வாசலிலேயே மிதக்கின்றன. வலை காய்ந்த மாடிகள் சிலவற்றில் இப்போது விருந்தினர் தங்குகிறார்கள்.