கையில் எல்லாம் இருக்கிறது, பெட்டிக்குள் இடமில்லை: கணினி பாகங்கள் முட்டிக்கொள்வது ஏன்?

வீட்டில் கணினி கட்டும்போது மதர்போர்டு ஒரு நிறுவனத்துடையது, பெட்டி இன்னொன்றுடையது, பவர் சப்ளை மூன்றாவது நிறுவனத்துடையது. இருந்தும் திருகுத் துளைகள் கச்சிதமாக ஒத்துப்போகின்றன. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரநிலையே இதற்குக் காரணம். போர்டு 305 × 244 மி.மீ., துளைகள் இன்னின்ன இடத்தில், பின்புற இணைப்புகளின் திறப்பு இன்ன இடத்தில் என்று அது வரையறுத்தது. பின்னர் வந்த 170 மி.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ் போர்டும் அதே துளைகளில் நான்கைப் பயன்படுத்திக்கொள்வதால், பெரிய பெட்டியிலும் அதை மாட்ட முடிகிறது. போர்டைப் பெட்டியின் தகட்டில் படாமல் தூக்கிப்பிடிக்கும் பித்தளைத் தாங்கி எதுவும், போர்டில் துளை இல்லாத இடத்தில் மிஞ்சி நிற்கக் கூடாது. நின்றால் போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு மின்சுற்றைக் குறுக்கிவிடும்.

தரநிலை ஆளும் இடத்தில் சண்டை இல்லை. அது கைவிட்ட இடத்தில்தான் பாகங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. செயலியைக் குளிர்விக்கும் கோபுரக் கூலர் எவ்வளவு உயரம் வளரலாம், பெட்டி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் எல்லோரும் மதிக்கும் வரம்பு இல்லை. வரம்பு இருக்கும் இடத்திலும் அது மீறப்படுகிறது. போர்டில் கார்டுகளைச் செருகும் இணைப்பான பிசிஐ எக்ஸ்பிரஸின் விதிப்படி முழுநீளக் கார்டு என்றால் 312 மி.மீ.; இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் பல அதைத் தாண்டிவிட்டன.

பெட்டியின் விவரக்குறிப்பில் இருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'கிராபிக்ஸ் கார்டு: 360 மி.மீ. வரை' என்று போட்டிருக்கும். அது முன்பக்கம் காலியாக இருக்கும்போது அளந்ததாக இருந்தால், அங்கே திரவக் குளிர்விப்பின் ரேடியேட்டரைப் பொருத்தியதும் கணக்கு மாறும். ரேடியேட்டர் தடிமன் 27, மின்விசிறி 25, ஆக 52 மி.மீ. போய்விடும். மிஞ்சுவது 308. 304 மி.மீ. நீளமுள்ள ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டின் என்விடியா சொந்த வடிவம் அதில் மயிரிழையில் நுழையும், 336 மி.மீ. கார்டு நுழையாது. ரேடியேட்டரை மேற்பக்கத்துக்கு மாற்றினால் நீளம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே அது ரேமின் தலையிலோ போர்டின் மேல்விளிம்பில் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கிலோ இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தால் இன்னோர் இடத்தில் நெருக்கும் என்பதற்குக் கூலரும் ரேமும் நல்ல சான்று. நாக்டுவா என்எச்-டி15 கூலரின் உயரம் 165 மி.மீ. இரண்டு விசிறிகளும் மாட்டியிருக்கையில் முன்விசிறிக்கு அடியில் ரேமுக்குக் கிடைப்பது 32 மி.மீ. அலங்கார உறையில்லாத டிடிஆர்4 ரேம் ஏறத்தாழ 31 மி.மீ. என்பதால் தப்பித்துக்கொள்ளும். உறையோடு 42 மி.மீ. இருந்தால் விசிறியைப் பத்து மி.மீ. மேலே தூக்கி மாட்டலாம். அப்போது மொத்த உயரம் 175 ஆகிவிடும், பல பெட்டிகளில் பக்கக் கதவு மூடாது. என் பரிந்துரை உயரம் குறைந்த ரேம்தான். அந்த உறை பெரும்பாலும் கண்ணுக்கு அழகுதான், வேகத்துக்கு அல்ல.

இவையெல்லாம் அளவுநாடாவில் பிடிபடும் சிக்கல்கள். உண்மையில் ஆளைச் சுற்றவிடுபவை, கச்சிதமாகப் பொருந்திவிட்டு வேலை செய்யாதவை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகள். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் தவறாகச் செருகவே முடியாது. அந்தக் காவல் எல்லா இடத்திலும் இல்லை. இன்டெல் 2017இல் வெளியிட்ட எட்டாம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளும் முந்தையவற்றைப் போலவே 1151 முனைச் சாக்கெட்டில்தான் அமர்ந்தன. ஆனால் சில முனைகளின் பணி மாற்றப்பட்டதால் பழைய போர்டுகளில் அவற்றுக்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடைக்கவில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டில் கதை வேறு: பழைய பி450 வகைப் போர்டில் ரைசன் 5000 செயலி ஓடும், ஆனால் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகுதான். அதற்கு முன் விசிறி சுழலும், திரையில் படம் வராது. செயலி இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு; வாங்கும்போதே அது இருக்கிறதா என்று பாருங்கள்.

போர்டிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 சேமிப்புத் தகடும் இதே வகை. பழைய சாட்டா முறையில் தரவைப் பரிமாறும் எம்.2 தகடு, வேகமான என்விஎம்இ முறைக்கு மட்டும் கம்பியிடப்பட்ட இடத்திலும் அழகாக நுழைந்துவிடும். கணினி அதைக் காணாது. சில போர்டுகளில் ஒரு எம்.2 இடத்தை நிரப்பினால் ஓரிரு சாட்டா முனைகள் அணைந்துவிடும், இரண்டும் ஒரே தடத்தைப் பகிர்வதால். போர்டின் கையேட்டில் ஒரு பக்கத்தில் இது இருக்கும். தகடு பழுது என்று கடைக்குத் திருப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் பவர் சப்ளையின் கேபிள். பாகங்களில் செருகும் முனைக்குத்தான் தரநிலை உண்டு. பவர் சப்ளைப் பக்க முனையில் எந்தக் கம்பி எங்கே என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் விருப்பம்; ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்ளும் மாறலாம். பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகினால் வடிவம் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகலாம். வட்டும் அதிலுள்ள படங்களும் ஒரு நொடியில் எரிந்துவிடும். பவர் சப்ளையை மாற்றினால் பழைய கேபிள்களை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டுப் புதியவற்றையே மாட்டுங்கள்.

பெட்டிக்குள் எதையும் திருகுவதற்கு முன், போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வைத்து, செயலி, கூலர், ஒரு ரேம், பவர் சப்ளை ஆகியவற்றை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள். செயலியில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும் செருக வேண்டும். இங்கே படம் வந்து, பெட்டிக்குள் போனபின் வராவிட்டால், முதலில் தேட வேண்டியது போர்டுக்கு அடியில் மிஞ்சி நிற்கும் அந்தப் பித்தளைத் தாங்கியை. அடுத்து, சரியாக அழுந்தாத கார்டையும் கேபிளையும்.