‘சோக்கிங்’ அல்ல, கழுத்து நெரிப்பு

அந்தரங்க உறவின்போது துணையின் கழுத்தைக் கையால் அழுத்திப் பிடிப்பதற்கு ‘சோக்கிங்’ என்ற பெயர் ஆபாசப் படங்கள் வழியாகப் பரவிவிட்டது. மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. கடலையோ இறைச்சித் துண்டோ மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வதுதான் சோக்கிங். வெளியிலிருந்து கழுத்தை அழுத்துவதை மருத்துவரும் நீதிமன்றமும் ஸ்ட்ராங்குலேஷன் என்பார்கள். கழுத்துக் கயிற்றைக் குறித்த கிரேக்கச் சொல்லில் பிறந்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம்: கழுத்து நெரிப்பு. ‘நெரி’ என்றால் நசுங்கும்படி அழுத்து. கயிலையைப் பெயர்க்கப் போன இராவணனின் தலையும் தோளும் மலைக்கடியில் நெரிந்ததைத் தேவாரம் திரும்பத் திரும்பப் பாடுகிறது. கூட்ட நெரிசலும் இதே வேர்தான்.

‘பிரெத் பிளே’ என்றொரு செல்லப்பெயரும் உண்டு. அதை ‘மூச்சு விளையாட்டு’ என்று தமிழாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ‘விளையாட்டு’ தவறு என்பது ஒருபக்கம் இருக்கட்டும், ‘மூச்சு’ என்பதே தவறு. ஆபத்து முதலில் வருவது ரத்த ஓட்டத்தில். மூச்சுக்குழாய் அடைபட ஏறக்குறைய 15 கிலோ அழுத்தம் வேண்டும் என்கின்றன தடயவியல் நூல்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனிகளுக்கு 5 கிலோ போதும், ரத்தம் திரும்பி வரும் சிரைகளுக்கு 2 கிலோவே போதும். ஆக, மூச்சு சீராக வந்துகொண்டிருக்கும்போதே மூளை பட்டினி கிடக்கும். தமனிகள் அடைபட்டால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். “வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்” என்ற பேச்சு இங்கே செல்லாது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் எழாது, கையும் எழாது. தமனி பிரியும் இடத்தில் அழுத்தம் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். தமனியின் உட்சுவர் கிழிந்தால் சில நாளோ சில வாரமோ கழித்து, சின்ன வயதிலேயே பக்கவாதம் வரலாம். பாதுகாப்பாக நெரிக்கும் முறை என்று ஒன்று கிடையாது. பழகிய கை என்பதும் இதில் பொய்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயிர் போகாத கழுத்து நெரிப்பே 2022 ஜூன் முதல் தனிக் குற்றம். பலத்த காயம் ஏற்பட்டுவிட்டால், ‘சம்மதத்தோடுதான் நடந்தது’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

அப்புறம் ஒன்று. கழுத்து அழுத்தப்பட்ட பிறகு குரல் கம்மினாலோ, விழுங்க வலித்தாலோ, தலை கிறுகிறுத்தாலோ, நினைவு ஒரு நொடி தப்பியிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தோலில் ஒரு தடமும் இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். அங்கே வெட்கப்பட்டு ‘மூச்சுத்திணறல்’ என்று சொன்னால் மருத்துவர் நுரையீரலைத்தான் பார்ப்பார். ‘கழுத்து நெரிபட்டது’ என்று சொன்னால்தான் கழுத்து ரத்தக்குழாய்களுக்கு ஸ்கேன் எடுப்பார்.