எரிமலை: மூன்று காலம் ஒளிந்திருக்கும் சொல்

மார்ச் மாதம் கொடைக்கானல் பக்கம் புல் காய்ந்து கிடக்கும். அப்படி ஒரு ராத்திரி பெருமாள்மலைச் சரிவில் தீப்பிடித்தது. "மலை எரியுது" என்றார்கள் தெருவில். அண்ணன் மகள் கேட்டாள்: "அப்போ அது எரிமலையா சித்தப்பா?"

எரிமலைக்கு ஆங்கிலக்காரர் சொல்லும் 'வால்கேனோ' ஒரு தீவின் பெயரிலிருந்து வந்தது. சிசிலிக்கு வடக்கே வுல்கானோ என்று ஒரு சின்னத் தீவு. ரோமானியரின் தீக்கடவுள் வல்கன் கொல்லனும்கூட. அவனுடைய உலையின் புகைபோக்கிதான் அந்தத் தீவு என்று நம்பினார்கள். அது கடைசியாக வெடித்தது 1888 முதல் 1890 வரை.

தமிழ் எந்தக் கடவுளையும் தேடிப் போகவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னது. உண்மையில் அங்கே மலை எரிவதில்லை. ஏறத்தாழ 700 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய பாறை ஒளிர்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் 'எரிமலை' அருமையான சொல். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: எரிந்த மலை, எரிகின்ற மலை, எரியும் மலை. மூன்று காலமும் உள்ளே இருக்கின்றன. தணிந்த எரிமலை, செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை என்று நிலவியலில் பிரிக்கிறார்களே, அந்த மூன்றையும் இந்த ஒரு சொல்லே தாங்கும்.

அந்தமானில் உள்ள பாரன் தீவு எரிமலையைப் பாருங்கள். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் இருக்கிறது. 1787-இல் அது வெடித்ததற்குப் பதிவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அடங்கியது, 1991-இல் மறுபடி பொங்கியது. 2017-இல் சாம்பல் கக்கியதைக் கப்பலில் போன ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 1990-இல் அதை 'எரிந்த மலை' என்று முடிவு கட்டியிருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

அப்புறம், மண்ணுக்கடியில் இருந்தால் மேக்மா, வெளியே வந்தால் லாவா. மேக்மா என்பதற்குக் கிரேக்கத்தில் பிசைந்த கெட்டிப் பொருள் என்று பொருள். தமிழில் முதலாவதைப் பாறைக்குழம்பு என்றும் அடுத்ததை எரிமலைக்குழம்பு என்றும் எழுதலாம். இரண்டையும் வெறும் 'குழம்பு' என்று எழுதினால் படிப்பவருக்குக் குழப்பம்தான்.

சரி, கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடர்? இங்கே பெரும்பாலும் சார்னோகைட் பாறை. பூமிக்குள் வெகு ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகி, பிறகு மேலே வந்தது. எரிமலை கக்கியது அல்ல. கொடைக்கானல் ஏரியும் எரிமலை வாய் இல்லை. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கரை கட்டித் தேக்கியது.

"அப்போ பெருமாள்மலையில எரிஞ்சது?"

காட்டுத்தீ, கண்ணு. எரிந்தது புல், மலை இல்லை.