தக்கை முங்காமல் எழும்புவது ஏன்?

கொடைக்கானல் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏரியில் தூண்டில் போட்டிருந்தவரின் தக்கை, மீன் கடித்ததும் முங்காமல் மேலே எழும்பிச் சாய்ந்தது. மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதாலா?"

காற்றழுத்தத்துக்கு இதில் வேலையே இல்லை. 2,100 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவுதான். ஆனால் தக்கையைத் தாங்குவது அது விலக்கும் தண்ணீரின் எடை. பள்ளியில் படித்த அதே ஆர்க்கிமிடீஸ். பழனி அடிவாரக் குளத்தில் எவ்வளவு முங்கி நிற்குமோ, கொடைக்கானலிலும் அவ்வளவே நிற்கும்.

காரணம் மீனின் வாயிலும் தக்கையின் நுனியிலும் இருக்கிறது.

இந்த மலை ஏரிகளில் வளர்கிற சாதாக் கெண்டை நம் ஊர் மீன் அல்ல. 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்டது. தரையோடு மேயும் மீன். குழல்போல வாயை முன்னால் நீட்டி, சேற்றோடு சேர்த்து இரையை உறிஞ்சும். வாய்க்குள்ளேயே தின்பதையும் வேண்டாததையும் பிரித்து, வேண்டாததைத் துப்பிவிடும். தூண்டில் முள் உறுத்தினால் அதையும் துப்பிவிடும். ஆக, மீன் இரையை வாயில் வைத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் தக்கை சேதி சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குண்டுத் தக்கையை ஒரு சென்டிமீட்டர் கீழே இழுக்க, 1.1 கிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். 2 மில்லிமீட்டர் நுனியுள்ள ஒல்லித் தக்கைக்கு 0.03 கிராம் போதும், ஒன்றரை அரிசியின் எடை! தடிமன் ஆறில் ஒன்றாகிறது. வெட்டுப்பரப்பு 36இல் ஒன்றாகிவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் மயிலிறகின் தண்டைத் தக்கையாகக் கட்டுவது அழகுக்காக இல்லை.

சரி, எழும்புவது எப்படி? தூண்டில் நரம்பில் முள்ளுக்குச் சற்று மேலே ஒரு சின்ன ஈயக்குண்டு தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் அதன் எடை 0.1 கிராம். தக்கை அந்த எடையையும் சுமந்துகொண்டு, நுனி மட்டும் வெளியே தெரிய நிற்கிறது. கீழே கெண்டை தலையைக் குனிந்து இரையை உறிஞ்சிவிட்டு நிமிர்கிறது. ஈயமும் கூடவே மேலே வருகிறது. சுமை போனதும் ஒல்லி நுனி மூன்று சென்டிமீட்டர் வரை எழும்பும். நரம்பு இன்னும் தளர்ந்து, நிமிர்த்திப் பிடிக்கும் எடை முழுவதும் போய்விட்டால் தக்கை படுத்தேவிடும். அதே ஈயத்துக்குக் குண்டுத் தக்கை ஒரு மில்லிமீட்டர்கூட அசையாது. சிற்றலையில் அது கண்ணுக்கே தெரியாது. எழும்பிய கணத்தில் கம்பைச் சுண்ட வேண்டும். முங்கட்டும் என்று காத்திருந்தால் இரை மட்டும்தான் போகும்.

அப்படியானால் நுனியை ஊசியாக்கிவிடலாமே? அதற்கும் எல்லை உண்டு. நுனியைச் சுற்றித் தண்ணீர் சற்றே மேலேறிப் பிடித்துக்கொள்கிறது, பரப்பு இழுவிசை. இது சுற்றளவைப் பொறுத்தது. மிதப்பாற்றலோ பரப்பைப் பொறுத்தது. நுனி மெலிய மெலிய மிதப்பாற்றல் வேகமாகக் குறைகிறது, இந்தப் பிடி மெதுவாகத்தான் குறைகிறது. 2 மில்லிமீட்டரிலேயே இரண்டும் ஏறக்குறைய சமபலத்துக்கு வந்துவிடுகின்றன. அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மோகோல் ராக்கெட் ஒட்டுவதற்கு ஆகும் செலவில் ஒவ்வொரு பள்ளியும் ஒரு வாளித் தண்ணீரில் இதை அளந்து பார்க்கலாம். அந்தப் பணம் அங்கேதான் போக வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம், கண் பட்டால் மீன் விழாது, பேசினால் ஓடிவிடும் என்கிறார்கள். முதலாவது வெறும் நம்பிக்கை. இரண்டாவதும் பெரும்பாலும் அப்படித்தான்: காற்றில் வரும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் இறங்குகிறது. கரையில் தொப்தொப்பென்று நடப்பது வேறு. அந்த அதிர்வு மண் வழியாக நேரே தண்ணீருக்குள் போய்விடும். பேசுங்கள், ஆனால் உட்கார்ந்து பேசுங்கள்.