கழன்ற கை எப்படி நடந்தது?

2013-ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் கடலுக்குள் முக்குளித்தவர்கள் அருவருப்பும் திகைப்புமாக மேலே வந்தார்கள். பாறைகளில் ஒட்டியிருந்த நட்சத்திர மீன்களின் தோலில் வெள்ளை வெள்ளையாகப் புண்கள். கைகள் முறுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக உடம்பிலிருந்து கழன்றன. கழன்ற கை விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. தன் பாட்டுக்கு ஊர்ந்து போனது. சில நாட்களில் மிஞ்சியதெல்லாம் வெண்கூழ்தான். மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை இதே கதை.

நோயைப் பிறகு பார்ப்போம். உடம்பை விட்டுப் பிரிந்த கை எப்படி நடக்கும்?

ஒரு நட்சத்திர மீனை மல்லாத்திப் போட்டுப் பார்த்தால் பாதி விடை தெரிந்துவிடும். ஒவ்வொரு கையின் அடியிலும் நீளவாக்கில் ஒரு பள்ளம். அதில் வரிசை வரிசையாக மெல்லிய குழாய்க் கால்கள் நீண்டும் சுருங்கியும் பிடிமானம் தேடித் துழாவும். இந்தக் கால்களில் எலும்பு கிடையாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் கடல்நீர். முதுகில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, நுண்துளைகள் நிறைந்த ஒரு சிறு தட்டு உண்டு. அதன் வழியே உள்ளே வரும் நீர், வாயைச் சுற்றியுள்ள வளையக் குழாய்க்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு கைக்கும் பிரிகிறது. ஒவ்வொரு காலுக்கும் மேலே, உடம்புக்குள், ஒரு குட்டிப் பை. பேனாவுக்கு மை போடும் ஃபில்லரின் ரப்பர் குமிழை அமுக்குவதுபோல அந்தப் பை சுருங்கினால் நீர் காலுக்குள் பாயும், கால் நீளும். காலின் தசை சுருங்கினால் நீர் பைக்கே திரும்பிவிடும்.

காலின் நுனி உறிஞ்சிப் பிடிக்கிறது என்றுதான் வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. உண்மையில் பெரும்பங்கு வேலையைச் செய்வது பசை. நுனியில் இரண்டு வகைச் சுரப்பிகள் உண்டு. ஒன்று ஒட்டும் பொருளை விடும், மற்றது அந்த ஒட்டைக் கழற்றும் பொருளை விடும். கால் எடுத்த இடத்தில் பசையின் தடம் தங்கிவிடுகிறது.

இத்தனை கால்களையும் ஆட்டிவைக்கத் தனியாக மூளை என்று ஒன்று இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், கைக்கொரு நரம்பு, அவ்வளவுதான். இரையின் வாடையை எந்தக் கை முதலில் பிடிக்கிறதோ அது முன்னால் போகும், மற்றவை பின்தொடரும். ஆகவே ஒரு கை கழன்றாலும் நீர்க்குழாய், நரம்பு, கால்கள், நுனியில் ஒளியை உணரும் ஓர் எளிய கண் எல்லாம் அதனிடமே இருக்கின்றன. கொஞ்ச தூரம் நடக்க இது தாராளம். லிங்கியா என்ற வகையில் கழன்ற ஒற்றைக் கையே முழு நட்சத்திர மீனாக வளர்ந்துவிடும்.

கழல்வதும் உடம்பில் ஏற்கெனவே உள்ள ஓர் ஏற்பாடுதான். நட்சத்திர மீன் சேர்ந்த முட்தோலிக் கூட்டத்தின் இணைப்புத் திசு நரம்பின் கட்டளைக்கேற்ப இறுகவும் இளகவும் வல்லது. நம் தசைநாரில் இந்த வித்தை இல்லை. எதிரி கையைக் கவ்வினால் அதன் அடியிலுள்ள திசுவை இளக்கி, கையைக் கொடுத்துவிட்டுத் தப்பலாம். இறுகுவது சாப்பாட்டுக்கு உதவுகிறது. சிப்பியின் மேல் கவிந்துகொண்டு இரண்டு ஓடுகளையும் கால்களால் இழுக்கும்போது, இறுகிய கைகள் அதிகம் களைக்காமல் அப்படியே நிற்கும். ஓடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு திறந்தால் போதும். நட்சத்திர மீன் தன் இரைப்பையை வாய் வழியே வெளியே தள்ளி அந்த இடுக்கில் நுழைத்துவிடும். சிப்பி தன் வீட்டுக்குள்ளேயே செரித்துப்போகும். எல்லா இனமும் இப்படியல்ல. நம் கரையோரம் இழுவலையில் கழிவோடு வந்து விழும் மணல்நிற நட்சத்திர மீன்களின் கால்நுனி கூரானது. மணலில் புதைய வசதி. அவை இரையை முழுசாக விழுங்கிவிடும்.

கடல் முள்ளெலி நட்சத்திர மீனின் நெருங்கிய உறவு. உருண்டையான உடம்பைச் சுற்றி முள் நிற்பதால் அப்படித் தோன்றாது. முள்ளை நீக்கிவிட்டு வெறும் ஓட்டைப் பார்த்தால் அதே ஐந்து மடிப்பு அமைப்பும் குழாய்க் கால்களுக்கான துளை வரிசைகளும் தெரியும். வாய் அடியில் இருக்கிறது. உள்ளே ஐந்து பற்களைத் தாங்கும் தாடை. அரிஸ்டாட்டில் இதைக் கொம்பு விளக்கோடு ஒப்பிட்டதால் இன்றும் 'அரிஸ்டாட்டில் விளக்கு' என்றே பெயர். பற்கள் சுண்ணாம்புப் படிகத்தாலானவை. குறிப்பிட்ட அடுக்குகளில் மட்டும் உடைந்து விழும்படி அமைந்திருப்பதால் பாறையைச் சுரண்டச் சுரண்டக் கூர் ஏறுகிறது. அடிப்பக்கம் தேயத் தேய மேலே புதிதாக வளரும்.

இந்தப் பல்லுக்குப் பிடித்த தீனி கெல்ப் என்னும் ராட்சதப் பாசி. கலிஃபோர்னியக் கரையோரம் அது காடாக வளர்ந்து நிற்கும். அந்தக் காட்டுக்கு யார் காவல் என்றால் கடல் நீர்நாய் ஒன்று, சூரியகாந்தி நட்சத்திர மீன் இன்னொன்று. இருபதைத் தாண்டும் கைகள், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம், நட்சத்திர மீன்களிலேயே வேகமான நடை. முள்ளெலியை முள்ளோடு விழுங்கி ஓட்டைத் துப்பிவிடும்.

வேட்டையாடி ஒன்று போனால் என்ன ஆகும் என்பது 2013-இல் புதிய கேள்வியல்ல. 1963 முதல் வாஷிங்டன் மாநிலத்தின் முக்கா விரிகுடாவில் ராபர்ட் பெயின் என்ற உயிரியலாளர் பாறைகளிலிருந்து நட்சத்திர மீன்களைப் பெயர்த்தெடுத்துக் கடலில் வீசிக்கொண்டே இருந்தார். சிப்பிகள் மற்றதையெல்லாம் நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. அவர் சிறு பாறைத் துண்டில் செய்ததை 2013-இல் நோய் ஒரு கடற்கரை முழுக்கச் செய்தது. சூரியகாந்தி நட்சத்திர மீன்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன. 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலை பாசியை வாட்டியது வேறு. வடக்குக் கலிஃபோர்னியாவில் கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் காணாமல் போனது. பாசியை நம்பி வாழும் அபலோன் நத்தைகள் பட்டினியில் செத்தன. அதைப் பிடிப்பதையே 2018-இல் நிறுத்த வேண்டியிருந்தது.

பாசியைத் தின்று தீர்த்த முள்ளெலிகள் மட்டும் சாகவில்லை. உடம்பின் வேலைகளைக் குறைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடக்க அவற்றால் முடியும். முள்ளெலியில் மனிதரும் நீர்நாயும் விரும்பித் தின்பது இனப்பெருக்க உறுப்பை. பட்டினி கிடப்பவற்றில் அது சூம்பிப்போய்விடுவதால் நீர்நாய் அவற்றைச் சீந்துவதில்லை. எதிரிக்கும் வேண்டாத பொருளாகி, தலைகாட்டும் பாசித் துளிரையெல்லாம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. காடு திரும்பாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நோய்க்கிருமி எது என்று தெரிய ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆயின. 2014-இல் ஒரு வைரஸ்மேல் பழி விழுந்தது. பிறகு அந்தப் பழி நிலைக்கவில்லை. திசுவிலேயே தேடிக்கொண்டிருந்ததை விட்டு, ரத்தத்தின் இடத்தில் அதன் உடற்குழியில் ஓடும் திரவத்தைச் சோதித்தபோதுதான் ஆள் அகப்பட்டது: விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா, காலரா கிருமியின் பேரினத்தைச் சேர்ந்தது. நோயுற்ற விலங்கின் திரவத்தை ஆரோக்கியமானதற்கு ஊசியில் ஏற்றினால் நோய் வந்தது. சூடாக்கி ஏற்றினால் வரவில்லை. முடிவு 2025 ஆகஸ்டில் வெளியானது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகத்தில் சூரியகாந்தி நட்சத்திர மீன்களை முட்டையிலிருந்து வளர்க்கிறார்கள். குஞ்சுப் பருவத்தில் அதற்கு நம்மைப்போல இட வல சமச்சீர்தான். மிதந்து திரிந்து, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு உருமாறும்போதே நட்சத்திர வடிவம் எடுக்கும். கிருமி தெரிந்துவிட்டதால், எந்தக் குஞ்சுகள் அதைத் தாக்குப்பிடிக்கும் என்பதைக் கடலில் விடுவதற்கு முன்பே தொட்டியில் சோதித்துப் பார்க்க இனி வழி இருக்கிறது.